அயல்நாட்டு உதவியும் நமது சங்கங்களும்

“இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே” என்பது நம் மூதாட்டிகள் சொல்லிவந்த பழமொழி. சேலை நெய்யும் குடும்பங்கள் நிறைந்த சேலம், நாமக்கல் சமவெளியில் இதன் பொருளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உலகெங்கும் அபிவிருத்தி உதவி வழங்கிவந்த அமெரிக்க ஸ்தாபனம், 1961-ல் தோன்றியது, 2025 ஜூலை முதல் தேதியோடு தனி ஸ்தாபனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்ட செய்தியைப் படித்தபோது, இந்தப் பழமொழியே என் நினைவுக்கு வந்தது. பல நாடுகளில் விதை ஆராய்ச்சியும், பயிர்ப் பாதுகாப்பும், கால்நடை வைத்தியமும் அந்த உதவியைச் சார்ந்து நடைபெற்று வந்தன. கொடுப்பவர் கையை மூடிக்கொண்டார். அவற்றுள் பல அப்படியே நின்றன. கொடுப்பது அவர் விருப்பம்; நிறுத்துவதும் அவர் விருப்பம். அதைப் பற்றி நாம் வழக்காட முடியாது. ஆனால் உதவி நின்ற மறுநாள் நம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது கொடுப்பவரைப் பொறுத்த விஷயமன்று, பெற்றுக்கொண்டவரைப் பொறுத்தது. இது குறித்து நம் அங்கத்தினர்களுடன் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பால் உற்பத்தியாளர் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக இருந்தன. பால் கேன்கள் துலக்கி வைத்த பித்தளைக் குடம்போல் பளபளத்தன. அறையின் மூலையில் மட்டும், தீவன மூட்டைகளுக்குப் பின்னால், தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்று தூசு படிந்து கிடந்தது. அயல்நாட்டு நன்கொடைத் திட்டம் ஒன்றின் வழியாக இலவசமாக வந்தது அது. ஒரு சிறு பாகம் உடைந்து போயிற்றாம். அன்றிலிருந்து அதை எவரும் தொடவில்லை. பழுது பார்க்க எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தேன். சங்கத்தின் ஒரு நாள் வரவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது என்று தெரிந்தது. பின் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அங்கிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார்: “அது அவுங்க குடுத்ததுங்க சார், நம்ம சொசைட்டிது இல்லீங்களே!”

அவர் சோம்பேறி அல்லர், பொறுப்பற்றவரும் அல்லர். தம் பங்குப் பணத்தில் வாங்கிய கேன்களைக் கண்போல் காத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் அயல்நாட்டு உதவி பற்றிய முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கொடுத்த பொருள் நம்முடையது ஆவது எப்பொழுது? நம் முதலும், உழைப்பும், கட்டுப்பாடும் அதனுடன் கலந்த பிறகுதான். அதுவரையில் அது இரவல் சேலைதான்.

கொடையாக வந்த பால் பவுடர்

உதவியைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டதற்கு நம் நாட்டிலேயே தலைசிறந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1960-களின் இறுதியில் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகளில் பாலும் வெண்ணெயும் தேவைக்கு மிஞ்சிக் குவிந்து கிடந்தன. அவற்றை ஏழை நாடுகளுக்கு இலவசமாக அளிக்கும் யோசனை எழுந்தது. பசித்த குழந்தைகளுள்ள ஒரு நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் குஜராத்தின் ஆனந்த் நகரில் இருந்த டாக்டர் வர்கீஸ் குரியன் அதில் ஓர் ஆபத்தையும் கண்டார். இலவசப் பவுடர் மலிவு விலையில் நகரங்களில் பாய்ந்தால், கிராமத்தில் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவரின் பாலை வாங்குவோர் யார்? அவர் மாட்டை விற்றுவிடுவார். பிறகு ஒருநாள் இலவசம் நின்றுபோனால், நாட்டில் பவுடரும் இராது, பாலும் இராது.

ஆகவே, தேசியப் பால்வள வாரியம் ஒரு திட்டம் வகுத்தது. வந்த கொடையை எவருக்கும் தானமாக வழங்குவதில்லை. உலக உணவுத் திட்டத்தின் வழியாகப் பெற்ற 1,26,000 டன் பால் பவுடரையும், 42,000 டன் பட்டர் ஆயிலையும் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களின் பால் பண்ணைகளில் மீண்டும் பாலாக்கி, கிராமத்துப் பாலின் விலையைக் கெடுக்காத வகையில் விற்பது. விற்று வந்த தொகையைச் செலவழித்துவிடாமல், கிராமச் சங்கங்கள், குளிரூட்டு நிலையங்கள், தீவனத் தொழிற்சாலைகள், சினை ஊசி வசதி, கால்நடை வைத்தியம், பால் ஏற்றிச் செல்லும் இரயில் வண்டிகள் என்று நிலையான சொத்துகளில் முடக்குவது. 1970-ல் தொடங்கிய இந்தத் திட்டம் ‘வெள்ளப் பெருக்குத் திட்டம்’ என்று பெயர் பெற்றது. பின்னர் உலக வங்கிக் கடனும், நம் நாட்டுப் பணமும் சேர்ந்து, மூன்று கட்டங்களாக 1996 வரையில் நடைபெற்றது.

அதன் பயனைக் கணக்கில் காணலாம். 1950-51-ல் நாட்டின் பால் உற்பத்தி சுமார் 1.7 கோடி டன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் அது 2.2 கோடி டன்னை எட்டத் தடுமாறியது. 1998-ல் இந்தியா அமெரிக்காவையும் விஞ்சி உலகின் முதற்பெரும் பால் உற்பத்தி நாடாயிற்று. 2023-24-ல் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். கொடை நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது; ஆனால் கொடையால் எழுந்த சங்கங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், 1981-ல் பொறுப்பேற்ற மாநில இணையம் என்ற மூன்றடுக்கு அமைப்பு இன்றும் இயங்குகிறது. நமது சமவெளியில் அதிகாலையில் கறக்கும் பால் சென்னை மாநகரக் குழந்தையின் குவளைக்குச் செல்கிறதென்றால், அதற்கு அடித்தளம் இட்டது இந்த ஏற்பாடே.

ஒரு முக்கியமான உண்மையை இங்கே மறக்கலாகாது. பவுடர் வந்த பிறகு கூட்டுறவு பிறக்கவில்லை. கெயிரா மாவட்டக் குடியானவர்கள் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் 1946-லேயே ஒன்றுகூடித் தங்கள் ஒன்றியத்தை நிறுவியிருந்தார்கள். 1950-களில் யுனிசெப் ஸ்தாபனமும் நியூசிலாந்து அரசாங்கமும் அவர்களுடைய தொழிற்சாலைக்கு உதவின. 1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கு ஒரு கிராமத்தில் இரவு தங்கி, அங்கத்தினர்களுடன் பேசி, அதே முறையை நாடெங்கும் பரப்ப விரும்பினார். அதன் விளைவாகவே 1965-ல் தேசியப் பால்வள வாரியம் ஏற்பட்டது. பாத்திரம் முன்பே செய்து வைத்திருந்தபடியால், ஊற்றிய பால் சிந்தாமல் தங்கிற்று.

தானமாக வந்த துணி

உதவியை அவ்வாறு கட்டுப்படுத்தாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நெசவாளர்களுக்கு நன்கு விளங்கக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு. மேல்நாட்டு மக்கள் உடுத்திக் கழித்த உடைகள், பெரும்பகுதி தர்மமாக அளிக்கப்பட்டவை, மூட்டை மூட்டையாகக் கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் வந்து குவிகின்றன. அவற்றின் விலைக்கு உள்ளூர் நெசவாலையோ தையற்காரரோ எவ்வாறு ஈடுகொடுக்க முடியும்? அங்கு ஆடைத் தொழில் நலிந்ததற்குப் பல காரணங்கள் இருந்தபோதிலும், இது முக்கியமான காரணங்களுள் ஒன்று என்று அந்நாடுகளே கருதின. 2016-ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகள் இத்தகைய இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தன. ருவாண்டா நாடு தீர்வையை உயர்த்தியது. அதற்குப் பதிலாக 2018-ல் அமெரிக்கா, ருவாண்டாவின் ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை நிறுத்தி வைத்தது.

பால் பவுடரின் கதையையும் பழந்துணியின் கதையையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் கொடைகளே. ஒன்று, உற்பத்தி செய்பவர்களின் ஸ்தாபனம் ஒன்றின் கைவழியாகச் சென்று மூலதனமாயிற்று. மற்றொன்று, அத்தகைய கட்டுப்பாடு இல்லாமையால் நேரே சந்தையில் இறங்கி, உற்பத்தி செய்பவரின் வயிற்றில் அடித்தது. சேலத்துக் கடைவீதியில் நாளை எவரேனும் வேட்டிகளை இலவசமாகக் குவித்தால் நம் நெசவாளர் சங்கங்களின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால், குரியன் கொண்ட அச்சம் நமக்கு நன்கு விளங்கும்.

பராகுவேயிலிருந்து ஏத்தாப்பூர் வரை

உதவி என்றால் பணமோ பண்டமோ ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவும் உதவியே. அதற்குச் சான்று நம் மரவள்ளித் தோட்டங்களிலேயே இருக்கிறது.

சேலத்து ஜவ்வரிசித் தொழில் இரண்டாவது உலகப் போரின்போது, கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்ற காலத்தில், நம்மவர் முயற்சியால் வேரூன்றியது. 1981 முதல் அதற்குச் சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவு ஸ்தாபனமும் உண்டு. இந்தத் தொழிலுக்கு உயிர்நாடியான கிழங்கை 2020-க்குப் பின் புதியதொரு மாவுப்பூச்சி தாக்கியது. அவ்வாண்டு கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சி, விரைவிலேயே நம் மாவட்டங்களிலும் பரவிற்று. செடியின் நுனி சுருண்டு கொத்தாகக் கூம்பி, கணுக்கள் குறுகி, கிழங்கு பருக்காமற் போயிற்று. மருந்து தெளித்தவர்கள் கண்டது என்ன? சுருண்ட நுனிக்குள் மறைந்து, மெழுகுபோன்ற மாவால் தன்னை மூடிக்கொண்ட பூச்சியை மருந்து எளிதில் எட்டவில்லை. கடன்தான் ஏறிற்று.

இந்தப் பூச்சி மரவள்ளியைப் போலவே தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியே உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களைப் பஞ்சத்தின் வாயிலில் நிறுத்தியது. நைஜீரியாவிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெர்ரனும் அவருடைய சகாக்களும், பூச்சி பிறந்த இடத்தில் அதன் பகைவனும் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1981-ல் பராகுவே நாட்டில் பூச்சியும், அதன் பகைவனான எள்ளினும் சிறிய குளவி ஒன்றும் அகப்பட்டன. அனகைரஸ் லோபேசி என்பது அதன் பெயர். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அந்தப் பூச்சியையே உண்டு வளரும். செடிக்கு அதனால் எவ்விதத் தீங்கும் இல்லை. பல நாடுகளின் நன்கொடையைக் கொண்டு அந்தக் குளவியை வளர்த்து, ஆப்பிரிக்கா எங்கும் விட்டார்கள். பயிர் பிழைத்தது. 1995-ல் ஹெர்ரனுக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அதே குளவியைத்தான், பெங்களூரில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-ல் பெனின் நாட்டிலுள்ள அந்த அனைத்துலக நிறுவனத்தின் நிலையத்திலிருந்து தருவித்தது. தனிமைப்படுத்தி, ஆராய்ந்து, பெருக்கி, 2022 மார்ச் 7-ந் தேதி நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். பராகுவேயில் கண்டெடுத்து, ஆப்பிரிக்கர் வளர்த்துக் காத்த ஓர் உயிர், நம் ஆத்தூர், இராசிபுரம் வட்டாரக் குடியானவரின் கிழங்கைக் காக்க வந்தது. ஏழை நாடுகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளத்தக்க உதவிக்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் இங்கும் பாத்திரம் வேண்டும். ஒருவர் தம் தோட்டத்தில் குளவியை வரவேற்று, பக்கத்துத் தோட்டக்காரர் கடுமையான பூச்சிமருந்தைத் தெளித்தால், முதலில் மடிவது குளவியே. ஒருவர் சுத்தமான கரணையை நட்டு, மற்றொருவர் பூச்சி ஒட்டிய கரணையை வண்டி வண்டியாக ஊருக்குள் கொண்டுவந்தால், பூச்சிக்கு வரப்பு ஏது, வேலி ஏது? கோமாரி நோய்த் தடுப்பூசியும் இவ்வாறே. 2019 முதல் மத்திய அரசு தன் முழுச் செலவில் நடத்திவரும் திட்டத்தின்படி ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசி போடப்படுகிறது. ஓரிரு நாள் பால் குறையுமே என்று அஞ்சி மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றுவிடுபவர், தம் மாட்டுக்கு மட்டுமன்று, தெருவில் உள்ள எல்லா மாடுகளுக்கும் நோயை அழைத்து வருகிறார். தறிக்குழிக்குப் பின்புறம் ஒரே மாட்டைக் கட்டியிருக்கும் நெசவாளர் வீட்டுக்கு அந்த நோய் வந்தால், பாவு நூல் கிடைக்காத வாரங்களில் அடுப்பை எரியவைக்கும் பால் பணம் நின்றுபோகும். அறிவு இலவசமாகக் கிடைக்கலாம். ஒற்றுமையை எந்த நாடும் நமக்கு அனுப்பித் தர முடியாது.

மறுப்புகள்

அயல்நாட்டு உதவியே வேண்டாம் என்று சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வெள்ளப் பெருக்குத் திட்டத்தின்மீதே 1983-ல் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. ஐரோப்பியப் பவுடரைச் சார்ந்தே நகரப் பால் பண்ணைகள் நடக்கின்றன என்றும், கிராமத்துக் குழந்தை குடிக்க வேண்டிய பால் நகரத்துக்குப் போகிறது என்றும் கூறப்பட்டது. அரசாங்கம் எல்.கே. ஜா தலைமையில் ஒரு மதிப்பீட்டுக் குழுவை அமைத்தது. பவுடரைச் சார்ந்திருப்பது நீங்கிவிட்டதைக் காலம் காட்டிவிட்டது. இரண்டாவது குற்றச்சாட்டு இன்றும் சிந்திக்கத்தக்கது. கறந்த பாலையெல்லாம் கேனில் ஊற்றிவிட்டுப் பிள்ளைக்குக் கடுங்காப்பி கொடுக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அது திட்டத்தின் குற்றமா, வறுமையின் குற்றமா, நம் அசிரத்தையின் குற்றமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கலப்பின மாடுகளைப் பற்றியும் குறை கூறப்படுகிறது. ஜெர்ஸிக் கலப்பு அதிகம் கறக்கிறது. ஆனால் தண்ணீரும், நிழலும், பசுந்தீவனமும், வைத்தியமும் அதிகம் கேட்கிறது. நம் ஆலம்பாடியும் காங்கேயமும் சோளத்தட்டும் கடலைக்கொடியும் தின்று கோடையைத் தாங்குபவை. அயல்நாட்டிலிருந்து வருவதெல்லாம் மேல், உள்நாட்டில் இருப்பதெல்லாம் கீழ் என்ற எண்ணத்தால் நம் இனங்களைக் குறையவிட்டோம் என்பது உண்மை. தோட்டத்தில் நீர் உள்ளவர் எதை வளர்க்கலாம், மானாவாரி நிலம் உள்ளவர் எதை வளர்க்கலாம் என்று பிரித்துச் சொல்லும் கடமை சங்கத்துக்கு உண்டு.

ஆகவே உதவியை மறுப்பதும் வழியன்று. கேள்வியின்றி ஏற்பதும் வழியன்று. எந்த நிபந்தனையின் பேரில் ஏற்கிறோம் என்பதே கேள்வி.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, அயல்நாட்டிலிருந்தோ, அரசாங்கத்திலிருந்தோ, எந்த உதவி வந்தாலும், பொதுப் பேரவையில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: “இது நின்றுபோனால், அடுத்த ஆண்டு இதை நடத்துவது யார்? எந்தப் பணத்தில்?” பதில் இல்லையென்றால், பெற்றுக்கொள்ள நாம் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

இரண்டாவதாக, இலவசமாக வந்த கருவிக்கும் பங்குத்தொகை போன்று ஒரு சிறு தொகையை அங்கத்தினர்களிடம் வசூலித்து, பழுது நிதியாகத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஐந்து ரூபாய் போட்டவருக்குப் பொருளின் மீது உரிமையும் அக்கறையும் பிறக்கின்றன.

மூன்றாவதாக, பொதுக் கட்டுப்பாடு. குளவி விட்ட பகுதியில் மருந்து தெளிப்பதில்லை, பூச்சி இல்லாத கரணையையே நடுவது, தடுப்பூசி நாளில் ஒரு மாடும் தவறுவதில்லை என்பவற்றைச் சங்கமே தீர்மானமாக நிறைவேற்றி, தண்டோராப் போடாத குறையாக ஊருக்கு அறிவிக்க வேண்டும்.

நான்காவதாக, லிட்டருக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகத் தருகிறார் என்று தனியாரிடம் பாலை ஊற்றிவிட்டு, அவர் கைவிடும் பருவத்தில் மட்டும் சங்கத்தின் வாசலுக்கு வருவது நியாயமன்று. அதேசமயம், பால் பணத்தைக் காலத்தில் பட்டுவாடா செய்யாத சங்கம், அங்கத்தினரின் விசுவாசத்தை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வர்க்கத்தின் மீதும் குறை உண்டு. எத்தனை இயந்திரங்கள் வழங்கப்பட்டன என்பதை அறிக்கையில் எழுதி மகிழும் நாங்கள், எத்தனை ஓடுகின்றன என்பதை எழுதுவது அரிது. வழங்கியது சாதனையன்று, வழங்கியது ஐந்து ஆண்டுகள் கழித்தும் பயன்படுவதே சாதனை. இனிமேல் ஆய்வுக்குச் செல்லும்போது முதலில் அந்த மூலையைப் பார்ப்பது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

2018-ல் நம் நாடு ருவாண்டாவின் ஏழைக் குடும்பங்களுக்கு 200 பசுக்களை அன்பளிப்பாக வழங்கியது. அவற்றை அந்நாட்டிலேயே விலைக்கு வாங்கி வழங்கியது. அதனால் அங்குள்ள மாடு வளர்ப்போரும் பயனடைந்தார்கள். ஒரு காலத்தில் பவுடருக்குக் கையேந்திய நாடு, பிறர் தொழிலைக் கெடுக்காமல் கொடுக்கும் முறையையும் கற்றுக்கொண்டிருக்கிறது. பெற்றதை முதலாக்கியதால் வந்த பெருமை இது.

அந்தக் கிராமச் சங்கத்திற்கு அடுத்த ஆண்டு மீண்டும் சென்றேன். அங்கத்தினர்கள் தலைக்குச் சிறு தொகை போட்டு இயந்திரத்தைச் சரிசெய்திருந்தார்கள். வாசலருகே அது ஓடிக்கொண்டிருந்தது. அதே பெரியவர் சோளத்தட்டை அதில் செலுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “பாத்து நில்லுங்க சார், நம்ம மிஷினு கொஞ்சம் வேகமா வெட்டுதுங்க” என்றார்.

“நம்ம மிஷின்” என்ற அந்தச் சொல்லை ஒவ்வொரு சங்கத்திலும் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.